ஏரிக்கரையில் யாரோ ஒருத்தி

— பல்லுதான் பிரச்சினை.

— யாரு பல்லுங்க?

— அந்தப் பொண்ணோட பல்லு. முகம் தெரியாத படம்னா அப்படியே மாட்டிடலாமாம். இவளுக்குப் பல்லு தெரியுது. அதனால ஆளைத் தேடிக் கூட்டிட்டு வரணும், அவ வாயால சரின்னு சொல்லணும்னு எங்க தலைவர் ஒரே பிடியா நிக்கிறார்.

— உங்க போட்டோ சங்கத்துத் தலைவர் பல் டாக்டராச்சே. அவருக்குப் பல்லுதான் முகம். முழங்கால் டாக்டர் யாரையாவது தலைவராப் போட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க.

— கிண்டல் பண்ணாதம்மா. நாளைக்குக் காலைல நூலக ஹால்ல கண்காட்சி. இந்தத் தடவை எனக்கு நடுச் சுவர். உள்ள நுழையுறவன் முதல்ல பாக்குற சுவர். போன தடவை எனக்கு எங்க இடம் குடுத்தாங்க?

— கழிப்பறைக்குப் போற வழியில.

— கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல.

— நிறைய பேர் பாத்தாங்களே. போறப்ப அவசரமாப் பாத்தாங்க, வர்றப்ப நிதானமாப் பாத்தாங்க.

— உனக்குச் சிரிப்பா இருக்கு. இங்க வா, இந்தத் திரையில பெருசாத் தெரியும். லைட்டைப் பாரு முதல்ல. மழை விட்டு, மேகம் கொஞ்சமா விலகி, சாய்வா ஒரு வெளிச்சம் வந்து படியில விழுது பாரு. அந்த வெளிச்சத்துல இவ மட்டும் உக்காந்திருக்கா. நீலக் கலர் மழைக்கோட்டு. காலைத் தண்ணிக்குள்ள விட்டிருக்கா. முடியை அவிழ்த்து விட்டிருக்கா, பாதி முகத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. மடியில போன். இப்பதான் யார்கிட்டயோ பேசி முடிச்சிருக்கணும். தலையைப் பின்னாடி சாய்ச்சு ஒரு சிரிப்பு. அதான் விஷயம்.

— நீங்க அங்க எதுக்குப் போனீங்க, வேலை நாள்ல?

— கொக்கு.

— கடை?

— 'இதோ வருகிறேன்' போர்டைத் தொங்க விட்டுட்டுத்தான் போனேன்.

— சரிங்க வித்வான். கண்ணு மங்கிப் போன ஆளுங்க வாசல்ல நின்னு அந்த போர்டைப் படிக்க முடியாமத் தடவிக்கிட்டு இருந்திருப்பாங்க.

— கொக்குக்காக அந்தக் கரையில புல்லுக்குள்ள எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் தெரியுமா? அது மீனைப் பாக்குது, நான் அதைப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் பசி. கழுத்தை நீட்டுது, அவ்வளவுதான், இப்ப கொத்தப் போகுதுன்னு நான் விரலை வச்சா, எதிர்க்கரையிலேருந்து இந்தச் சிரிப்பு. கொக்கு பறந்துடுச்சு. கோபத்தோட கேமராவைத் திருப்புனேன். திருப்பினா இது.

— அங்க வரைக்கும் கேட்டுச்சா?

— எது?

— சிரிப்பு.

— கேக்காம? தண்ணி மேல சத்தம் நல்லா வரும். நம்ம வீட்டுல யாரும் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல.

— நம்ம வீட்டுல சிரிச்சா 'ஆடாத, கேமரா ஆடுது'ன்னு சொல்ற ஆள் ஒருத்தர் இருக்காரே.

— நீ கொஞ்சம் நல்லாப் பாரேன். வெளிச்சத்தை விடு, ஆளைப் பாரு. யார் மாதிரி இருக்கு?

— எனக்கெங்க தெரியும்? கண்ணாடிக் கடை வச்சிருக்கிறது நீங்க. நாள் பூரா அடுத்தவங்க கண்ணைச் சோதிக்கிறவரு நீங்க. 'மேல் வரிசை தெரியுதா, கீழ் வரிசை தெரியுதா'ன்னு ஊரையே கேக்குறவரு. நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு எத்தனாவது வரிசை வரைக்கும் தெரியுது?

— எனக்கு எல்லா வரிசையும் தெரியும். நீ சொல்லுவியான்னு பாத்தேன்.

— நான் சொல்ல என்ன இருக்கு. யாரோ ஒருத்தி.

— நல்ல தலைப்பா இருக்கே. 'ஏரிக்கரையில் யாரோ ஒருத்தி'. அப்படியே வச்சிடவா?

— வைங்க. ரொம்பப் பொருத்தமா இருக்கும்.

— ஒருவேளை அவ கிடைக்கலைன்னா வேற ஒண்ணு மாட்டணும். நீயே பொறுக்கிக் குடு. இது எப்படி இருக்கு? குழாய்ச் சொட்டு. விழுறதுக்கு முந்தின நொடி. அந்தச் சொட்டுக்குள்ள பாரு, நம்ம சமையலறை மொத்தமும் தலைகீழா. அடுப்பு, ஜன்னல், அந்த ஓரத்துல கடுகு மாதிரி ஒரு ஆள். அது நீதான்.

— தலைகீழா நின்னாத்தான் உங்க படத்துல இடம் கிடைக்கும்போல.

— இதைப் பாக்குறப்ப எனக்கு என்ன தோணும் தெரியுமா? வீட்டுல ஒழுகுற குழாய்க்குள்ள ஒரு வீடே இருக்குன்னா, இன்னும் எங்கெங்க என்னென்ன இருக்கும்னு தோணும். கடையில ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கிட்டு இருக்கிறப்ப எல்லாம் இதைத்தான் நினைப்பேன்.

— எனக்கு என்ன தோணும் தெரியுமா? அந்தக் குழாயைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்டேன், வேண்டாம், சொட்டு நல்லா விழுதுன்னு சொன்னீங்கன்னு தோணும்.

— சரி, இது? எறும்பு.

— இதை நீங்க எடுத்தது ஞாயித்துக்கிழமை. வாசப்படியில குப்புறப் படுத்திருந்தீங்க. பால்காரர் உங்களைத் தாண்டிக்கிட்டு வந்து பால் குடுத்துட்டுப் போனார். அப்ப நான் பக்கத்துல வந்து ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— எறும்பு ஞாபகம் இருக்கு. தன்னை விடப் பெரிய சர்க்கரையைத் தூக்கிட்டு ஏறுச்சு. விழுந்துச்சு. திரும்ப ஏறுச்சு. திரும்ப விழுந்துச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கடைசியில ஏறினப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா, பொய் சொல்லல.

— நான் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?

— என்ன சொன்னேன்?

— 'ம்'.

— அப்போ சரின்னுதான் அர்த்தம்.

— சரின்னுதான் நானும் எடுத்துக்கிட்டேன். அடுத்த படம் போடுங்க. ஆங், இது கொடியில வரிசையா கிளிப்பு. இதை எடுக்கிறப்பவும் கேட்டேன். அதுக்கும் 'ம்'.

— என்ன கேட்ட?

— கிளிப்பைக் கேளுங்க. அது கவனமா இருந்துச்சு.

— கதவு தட்டுற சத்தம். உன் தம்பியாத்தான் இருக்கும், அவன்தான் அழைப்புமணி இருக்கிறப்பவும் தட்டுவான்.

— வாடா தம்பி. செருப்பை வெளியில விடு, கிரீஸா இருக்கு.

— அக்கா, பெட்டியெல்லாம் கட்டி…

— முதல்ல உள்ள வந்து உக்காரு. தண்ணி குடி.

— வா மாப்ள. பால்கனிக் கதவைப் பாக்க வந்தியா?

— இல்ல அத்தான். ஆமா அத்தான். அதுக்கும்தான்.

— மழைக்காலத்துலேருந்து சொல்றேன். சாத்தினா சாத்த மாட்டேங்குது, ஒரு விரக்கடை நிக்குது. கொசு குடும்பத்தோட வருது. ஊர் வண்டியெல்லாம் பிரிச்சு மாட்டுற, அக்கா வீட்டுக் கதவுக்கு நேரமில்ல உனக்கு.

— சும்மா சொல்லக் கூடாது அத்தான், வண்டின்னா ஒரு நிமிஷம். கதவு எனக்குப் பழக்கமில்ல. என்ன, படம் பாத்துட்டு இருக்கீங்களா? சும்மா சொல்லக் கூடாது, இது நல்லா… அக்கா, இது என்னோட…

— டேய். தண்ணியைக் குடி.

— உன்னோட என்ன மாப்ள?

— என்னோட… எனக்குப் பிடிச்ச கலர் அத்தான். நீலம்.

— நீலத்தை விடு. தோள்ல பாரு, சின்னதா ஒரு சிவப்பு வட்டம். இந்தப் படத்தோட உயிரே அதுல இருக்கு. மொத்தப் படமும் நீலம், சாம்பல், பச்சை. நடுவுல ஒரு சொட்டு சிவப்பு. பல் டாக்டர் அதைப் பாத்துட்டு எழுந்தே நின்னுட்டார். ஏதோ அலங்காரம்னு நினைக்கிறேன். நல்ல ரசனை உள்ள பொண்ணு.

— எனக்கு அது பங்ச்சர் ஒட்டு மாதிரி தெரியுது அத்தான்.

— மெக்கானிக் கண்ணுக்கு எல்லாமே பங்ச்சர்தான்.

— இல்ல அத்தான், நிஜமாவே…

— அவர்தான் அலங்காரம்ங்கிறாரே, விடேன்டா. ரசனையைப் பத்தி உனக்கென்ன தெரியும்.

— ஷ். ரெண்டு பேரும் பேசாதீங்க. பால்கனியில புறா. கம்பி மேல ரெண்டு, முதுகைக் காட்டிக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு பேசாம உக்காந்திருக்கு. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரியே. நகராதீங்க, நான் போயிட்டு வந்துடுறேன்.

— போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க, கொசு வரும்.

— ம்.

— போயிட்டாரா?

— போயிட்டார் அக்கா. இனிமே புறா பறந்தாத்தான் வருவார். இங்க என்ன நடக்குது? அது என் கோட்டு. அந்த ஒட்டு நான் போட்டது. அதுல உக்காந்திருக்கிறது நீ.

— மெதுவாப் பேசு.

— அவருக்குத் தெரியலையா?

— பொண்டாட்டியை எதிர்க்கரையிலேருந்து லென்ஸ் வச்சுப் பாத்திருக்கார், படம் பிடிச்சிருக்கார், வீட்டுக்குக் கொண்டு வந்து திரையில பெருசு பண்ணி எனக்கே காட்டுறார். யார் மாதிரி இருக்குன்னு என்கிட்டயே கேக்குறார். படத்துல என் பக்கத்துல இருக்கிற பெட்டியைப் பாத்தியா? அது என் சாம்பிள் பெட்டி. ஏரித் தண்ணி பிடிக்கிற பாட்டில் வைக்கிறது. முந்தாநேத்து அதைக் காட்டி, 'பாவம், சாப்பாடு கொண்டு வந்திருக்கா போல'ன்னு சொன்னார்.

— நீயாவது சொல்லலாம்ல?

— எதுக்கு நான் சொல்லணும்? ஏரியில நான் ஏன் அப்படிச் சிரிச்சேன் தெரியுமா? அப்பதான் பெரிய ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. அணைக்கட்டு ஊர்ல புதுசாத் திறக்கிற தண்ணிப் பரிசோதனைக் கூடத்துக்கு என்னைப் பொறுப்பாப் போட்டிருக்காங்கன்னு. நான் உதவியாளா இல்லடா, பொறுப்பா. எனக்கு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, தண்ணியைப் பாத்துச் சிரிச்சுட்டேன்.

— அத்தான்கிட்ட சொன்னியா?

— போகட்டுமான்னு எறும்புகிட்ட ஒரு தடவை கேட்டேன், கிளிப்புகிட்ட ஒரு தடவை. ராத்திரி நிலாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு தடவை. மூணுக்கும் 'ம்'. நம்ம பொண்ணு விடுதிக்குப் போனதுலேருந்து இந்த வீட்டுல என் கூடப் பேசுறது அந்த 'ம்' மட்டும்தான்.

— இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும் அக்கா. நீ பாட்டுக்கு…

— ஒரு முடிவு பண்ணியிருக்கேன். வண்டி வர்றதுக்குள்ள அவர் அந்தப் படத்தைப் பாத்து, 'அட, இது நீதானே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போனைப் போட்டு நான் வரலைன்னு சொல்லிடுவேன். வேற யாருக்காவது குடுப்பாங்க.

— அக்கா, விளையாடாத. எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டு இருந்த.

— விளையாடல. என்னைப் பாக்குற ஆள் ஒருத்தர் வீட்டுல இருந்தா எனக்கு அந்த வேலை வேண்டாம்டா. இல்லைன்னா இங்க எனக்கு என்ன இருக்கு? எனக்குப் போகணும்னும் இருக்கு, இவர் ஒரு தடவை கண்ணைத் திறந்துட மாட்டாரான்னும் இருக்கு. அந்த ஊர்ல வருஷத்துல பாதி நாள் மழையாம். உன் கோட்டை எனக்கே குடுத்துடு.

— எடுத்துக்கோ. போறப்ப பையில வச்சு விடுறேன். ஒட்டு மட்டும் ஓரத்துல கொஞ்சம் கிளம்பியிருக்கு.

— வர்றார். பேச்சை மாத்து.

— பறந்துடுச்சு.

— புறாவா? அய்யோ பாவம். ஒண்ணு கூடக் கிடைக்கலையா?

— கிடைக்கல.

— இவ்வளவு நேரம் நின்னீங்களே.

— லைட் சரியில்ல.

— சரி, போகுது. இந்த ஏரிப் படத்தை இன்னொரு தடவை போடுங்க, நான் நல்லாப் பாக்குறேன். உங்களுக்கு இந்தப் பொண்ணு எப்படித் தெரியுறா?

— பொண்ணு மாதிரி.

— அது தெரியுது. நீங்க அவ்வளவு நேரம் பாத்தீங்களே, யார் ஞாபகமாவது வருதா?

— யார் ஞாபகமும் வரல. சின்னப் பொண்ணு. இருபத்தஞ்சுக்கு மேல இருக்காது.

— இருபத்தஞ்சா?

— அத்தான், ஒரு நிமிஷம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கையை நல்லாப் பாருங்க. அந்த மோதிரத்தைப் பாருங்க.

— பாத்தேன் மாப்ள. எல்லாரும் போடுறதுதான்.

— ஏங்க, இங்க பாருங்க. என்னைப் பாருங்க.

— ஏன் இப்பக் கொண்டையை அவிழ்க்கிற? சோத்துல முடி விழும்.

— சும்மாதான். காத்தாட இருக்கட்டும்னு. இப்படித் தலையைப் பின்னாடி சாய்ச்சா எப்படி இருக்கு?

— கழுத்து வலிக்குதா? தைலம் அலமாரியில இருக்கு.

— அக்கா, சிரிக்காத அக்கா. இதுக்கா சிரிக்கிற?

— சிரிக்காம என்னடா பண்ணச் சொல்ற? தைலமாம். கேட்டியா? தைலம். அய்யோ, எனக்கு வயிறே வலிக்குது.

— சத்தத்தைக் குறைம்மா. கீழ் வீட்டுல குழந்தை தூங்கும்.

— குறைச்சுக்கிறேன். கீழ ஹாரன் அடிக்குது, எனக்குத்தான். இதை நின்னு கேளுங்க, கேமராவைக் கீழ வச்சுட்டுக் கேளுங்க. எனக்கு வேலை மாத்தல். அணைக்கட்டு ஊருக்கு, ரெண்டு வருஷம். பொறுப்பு அதிகாரியாப் போறேன். உங்ககிட்ட மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் சரின்னீங்க. ஆபீஸ்ல நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தண்ணி ஆபீஸ்ல… தண்ணி சம்பந்தமா.

— பிரமாதம். இந்த ஊர்ல யார் குழாயைத் திறந்தாலும் அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா வேண்டாமான்னு சொல்றவ நான். உங்க சொட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுங்க. நீங்க அழகைப் பாத்தீங்க, நான் கிருமியைப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே சொட்டைத்தான் பாத்தோம், அதைக் கூட நீங்க கவனிக்கல. எனக்குக் கோபம் இல்ல. பொய். கோபம்தான். போற வழி பூரா கோபமாத்தான் இருக்கப் போறேன்.

— ம்.

— நாலாவது. கேட்டியாடா? சரி, நான் கிளம்புறேன். பாத்திரத்துல ரெண்டு வேளைக்கு இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. எறும்பு வந்தா படம் எடுத்துட்டு அப்புறம் மூடி வைங்க.

— வண்டி ஏரி வழியாத்தானே போகும்?

— ஆமா. ஏன்?

— அந்தப் பொண்ணு அங்க உக்காந்திருந்தா, நாளைக்கு நூலகத்துக்கு வரச் சொல்லு.

— சொல்றேங்க. கண்டிப்பாச் சொல்றேன். டேய், பெட்டியை எடு. எனக்கு இந்த வீட்டுல இனிமே ஒரு சந்தேகமும் இல்ல.

— அத்தான், அக்கா படி இறங்குது. வாசல்ல நிக்க வச்சு ஒரு போட்டோவாவது எடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

— எதுக்குடா, நான் என்ன புறாவா? வா சீக்கிரம்.

* * *

— ஏத்தி விட்டுட்டு வந்துட்டேன். போயிடுச்சு அத்தான். முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு வழி சொல்லிக்கிட்டே போகுது, டிரைவருக்கே. திரும்பிப் பாக்கல. நீங்க ஜன்னல்ல நின்னீங்க, கையில கேமரா இருந்துச்சு. ஒண்ணு கூடவா எடுக்கல?

— அதான் ஒண்ணு இருக்கே.

— எங்க இருக்கு? கொக்கு இருக்கு, கிளிப்பு இருக்கு. நான் இதுவரைக்கும் உங்களை மரியாதை குறைச்சுப் பேசினதில்ல. ஆனா உங்களை மாதிரி ஒரு குருடரை… விடுங்க அத்தான். நாளைக்கு நடுச் சுவர்ல எதை மாட்டப் போறீங்க?

— எறும்பை மாட்டுறேன். பல் டாக்டருக்கு இப்பதான் போன் பண்ணிச் சொன்னேன், படத்துல இருக்கிறவங்க வேலை கிடைச்சு ஊருக்குப் போயிட்டாங்க, வர மாட்டாங்கன்னு.

— யாரு?

— மாப்ள, அந்தக் கோட்டைப் பையில வச்சு விட்டியா?

— எந்தக் கோட்டு?

— நீ பங்ச்சர் ஒட்டுன கோட்டு. ஓரத்துல கிளம்பியிருந்துச்சே, அதைச் சரி பண்ணித்தானே குடுத்த? அந்த ஊர்ல வருஷத்துல பாதி நாள் மழையாம்.

— அத்தான்… உங்களுக்கு எப்படி…

— பால்கனிக் கதவு சரியாச் சாத்த மாட்டேங்குதுன்னு மழைக்காலத்துலேருந்து உன்கிட்ட சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்.